ஆறு காலி இடங்கள்

ராத்திரி ஒன்பதே முக்கால். பொன்மலைக்குப் போகும் ரோடு. விளக்குக் கம்பம் ஏழு, எரிவது இரண்டு... நம் வகுப்புக் கியாசுதீனின் தாய்மாமா கலீல், சைக்கிளில் நைட் டூட்டிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

இது போன வருஷம், அறுபத்தாறு நவம்பரில் நடந்தது. நம்பாதவர்கள் கியாசுதீனையே கேட்கலாம். இதோ, என் போர்வைக்குள்தான் உட்கார்ந்திருக்கிறான். இப்போது பதில் சொல்ல மாட்டான், வாயில் என் முறுக்கு இருக்கிறது. மாமா இன்றைக்கும் உயிரோடு, அதே வேலையில் இருக்கிறார். மூன்று முறை ராஜினாமா எழுதினாராம். காரணம் என்று ஒரு வரி எழுத வேண்டுமே... அங்கேயே நின்றுவிட்டாராம்.

ஆபீஸ் பெயர் வேண்டாம். நீளமான அறை. இரண்டு மெஷின், இரண்டு பேர். சூடேறிய எண்ணெய் வாசனை. ஸ்ரீரங்கத்து ரெங்கராஜ் ஊழியர் பதிவேட்டைப் பார்த்து அட்டையில் துளை போடுவார். ஆளுக்கு ஓர் அட்டை. பெயர், நம்பர், சேர்ந்த தேதி எல்லாம் துளைகள். அந்த அட்டை கலீல் மாமாவின் மெஷினுக்கு வரும். அவர் அதே பதிவேட்டைப் பார்த்து மறுபடி தட்ட வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் மெஷின் பேசாமல் இருக்கும். முடிவில் அட்டை ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டித் தள்ளும். ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு விளக்கு. 'க்ரக்' என்று விசைகள் பூட்டிக்கொள்ளும். தப்பு என்று மட்டும் சொல்லும், எது சரி என்று சொல்லாது. நம் கணக்கு வாத்தியாரின் சொந்தக்காரர்கள் யாரோ செய்த மெஷின்.

அட்டையின் கடைசி ஆறு இடங்கள் இறந்த தேதிக்கு: நாள், மாசம், வருஷம், இரண்டிரண்டு இடமாக. உயிரோடிருப்பவர்களுக்கு அது காலி. காலி என்றால் விட்டுவிட முடியாது, ஸ்பேஸ் பாரை ஆறு தரம் தட்ட வேண்டும். இல்லாததும் இல்லாததும்கூட ஒத்துப்போக வேண்டும். ஆபீஸ் என்றால் அப்படித்தான்.

மணி ஒன்று. ரெங்கராஜின் அட்டையே வந்தது.

"என்ன பாய், என் அட்டையா? பாத்துத் தட்டுங்க. ரிடயர் ஆகறத ரெண்டு வருஷம் முன்னாடி தள்ளிடாதீங்க."

"தள்ளினா எனக்குத்தாண்ணே நல்லது. டிபன் பாக்ஸ்ல என் பங்கு எனக்கே கிடைக்கும்."

பெயர்... சரி. நம்பர்... சரி. சேர்ந்த தேதி சரி. முதல் காலி இடம். ஸ்பேஸ் பார்.

க்ரக். சிவப்பு.

பூட்டை எடுத்துவிட்டு மறுபடி தட்டினார். க்ரக். அட்டையை உருவி விளக்குக்கு நேரே பிடித்தார். துளை இல்லை. வழுவழுவென்று காலி. மறுபடி செருகி, முதலிலிருந்து தட்டினார்... அதே இடத்தில் சிவப்பு.

காலியில் ஏதோ இருக்கிறது என்கிறது மெஷின். என்ன என்று சொல்லாது. மாமாவுக்குத் தூக்கக் கலக்கம், கொஞ்சம் குறும்பும். ஒன்று என்ற எண்ணைத் தட்டினார்.

மெஷின் ஒத்துக்கொண்டது.

அடுத்த இடம். நாலு, ஐந்து, ஆறு... க்ரக், க்ரக், க்ரக். ஏழு. ஒத்துக்கொண்டது. அடுத்து ஒன்று. அதற்கடுத்ததும் ஒன்று.

சுவரில் காலண்டர். ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் தேதி மாறியிருந்தது. பதினேழு, பதினொன்று.

ஐந்தாவது இடத்துக்கு ஆறு. ஒத்துக்கொண்டது.

பின்னால் ரெங்கராஜ் தன் மெஷினைத் துணி போட்டு மூடும் சத்தம். "என் வேலை முடிஞ்சுது பாய். ஆத்துப் பாலத்துல காத்து நல்லா இருக்கும், நான் கிளம்பறேன்."

"இருங்கண்ணே!" மாமா கத்தியே விட்டார். "விடிஞ்சப்புறம் போலாம். நான்... நானும் வரேன்."

"என்ன பாய், பேய் பயமா?"

மாமா மெஷின் மேலேயே குனிந்தார். மிச்சம் ஒரே ஓர் இடம். ஆறாக மட்டும் இருக்கக்கூடாது. ஒன்பது தட்டினார். சிவப்பு. எட்டு... சிவப்பு. ஏழு. அடுத்த வருஷமாவது இருக்கட்டுமே ரப்பே... சிவப்பு. ஆறின் மேல் விரல் போய் நின்றது. அழுத்த மனசு வரவில்லை. நாலு பெண் பிள்ளைகள் அந்த மனுஷனுக்கு. சரி, அடியிலிருந்து வருவோம் என்று பூஜ்யத்தைத் தட்டினார். சிவப்பு.

ஒன்று.

ஒத்துக்கொண்டது.

ஓரத்தில் 'டிக்' என்று வெட்டு விழுந்து அட்டை தட்டில் போய்ச் சேர்ந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்!" மாமா வாய்விட்டே சொன்னார். அறுபத்தாறு இல்லை, அறுபத்தொன்று. இன்றைக்கு இல்லை. ரெங்கராஜ் அண்ணனுக்கு இன்றைக்கு ஒன்றும் ஆகாது... அறுபத்தொன்றில்தான்...

மூச்சை விட்டவர், அடுத்த மூச்சை இழுக்க மறந்துபோனார்.

மாமா அங்கே சேர்ந்து நாலு மாசம்தான் ஆகியிருந்தது. தினமும் ராத்திரி இந்த மனிதரோடுதான் சாப்பாடு. சற்று முன்தான் ரெங்கராஜ் இரண்டு சமோசா தின்று, கொத்தமல்லி போதாது என்று குறை வேறு சொல்லியிருந்தார்.

மாமா திரும்பிப் பார்க்கவில்லை. துணி போடும் சத்தம் நின்றிருந்தது. மெஷின் தானாக அடுத்த அட்டையை இழுத்து வைத்தது. அந்த அறையில் ஊழியர்கள் இரண்டே பேர், அட்டைகளும் அடுத்தடுத்துதான்.

பெயர்: கலீல்.

தட்டாமல் இருக்கலாம். ஆனால் கைக்கு இத்தனை நாள் பழக்கம். பெயர், நம்பர், சேர்ந்த தேதி எல்லாவற்றையும் தானே தட்டிவிட்டு, காலி இடத்துக்கு வந்து நின்றது. ஸ்பேஸ் பாரை மட்டும் அழுத்த வரவில்லை. எழுந்து ஓடவும் வரவில்லை.

செருப்புச் சத்தம் பின்னால் வந்து நின்றது.

"கை நின்னுடுச்சே பாய்... நான் தட்டட்டுங்களா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது. மையும் எண்ணெயும் படிந்த விரல்கள். சில்லென்று இருக்கும் என்று நினைத்தாராம். இல்லை... நல்ல வெதுவெதுப்பு.

டக். டக். டக். டக். டக். ஐந்தும் காலி.

ஆறாவது, வருஷத்தின் கடைசி எண் வரும் இடம்.

க்ரக்.

சிவப்பு வெளிச்சத்தில் அந்த விரல்கள் மாமாவின் தோளை மெல்லத் தட்டிக்கொடுத்தன.

"ஒரே ஒரு எண்ணுதான் பாய் அடிச்சிருக்கேன்... மிச்சம் அஞ்சுக்கு ஒண்ணும் அவசரமில்ல."