மோட்டார் கொட்டாயில் ஒரு கிட்டார்

— யம்மா ஜெயசுதா, ஒன்ன கையெடுத்துக் கும்புடுறேன், அந்த மோட்டார நிறுத்து.

— நிறுத்திட்டேன். வாசி மாமா.

— இனிமே எங்க வாசிக்கிறது? ஆர்கெஸ்ட்ரா மாஸ்டருக்கு மெசேஜ் டைப் பண்ணி வெச்சிட்டேன். "சோலோவ வயலினுக்கு குடுத்துடுங்க, நான் பின்னாடி ஒக்காந்து எல்லாரோடயும் சேந்து வாசிக்கிறேன்"னு. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

— சாயங்காலம் பாண்டியில கச்சேரி. காலங்காத்தால இது இன்னா கூத்து?

— கூத்து பண்றது நீயி. இருபது நாளா பாக்குறேன், நான் கொட்டாய்க்கு வந்து கிட்டார எடுத்தா போதும், ஓடியாந்து சுவிட்ச தட்டுற. அதுவும் பேரிங் போன மோட்டாரு, கழுத மாரி கத்துது.

— தண்ணி பாய வேணாமா?

— நான் வாசிக்கிற நேரத்துலதான் பாயணுமா?

— தோ பாரு, கரண்ட்டு வர்ற நேரத்துலதான் பாய்ச்ச முடியும்.

— சும்மா சொல்லாத. நான் வாசிக்கிறது ஒனக்குப் புடிக்கல. நேரா சொல்லிட்டுப் போயேன்.

— வாய அளந்து பேசு மாமா. வில்லியனூர் தேரடியில பன்னெண்டு வருஷம் பாட்டுக் கச்சேரியில வாசிச்சியே, ஒரு தடவயாவது மொத வரிசையில நான் இல்லாம இருந்தனா?

— அது வேற சுதா. அங்க ஒயர சொருவிக்கினா ஊருக்கே கேக்கும். இது மரக் கிட்டாரு, நைலான் கம்பி, மைக்கு கெடையாது. சுத்தி நாப்பது பேரு. வயலினு, செல்லோ, ஃப்ளூட்டு. கும்பலோட வாசிக்கிறப்ப பரவால்ல, கலந்து போயிடும். நடுவுல அஞ்சு நிமிஷம் தனியா மேல வரணும், பின்னாடி அவங்க இழுத்துக்கினே இருப்பாங்க. சத்தியமா சொல்றேன், அதான் என் உயிர எடுக்குது.

— மாஸ்டர் இன்னா சொல்றாரு?

— மொத ரிகர்சல்ல எல்லார் எதிர்லயும் கேட்டாரு. "தமிழ்ச்செல்வா, நீ வாசிக்கிறியா, கம்பிய தொடைக்கிறியா?"ன்னு.

— தெரியும். அன்னிக்கு வந்து சொல்லிட்டு சோறு கூட துன்னாம படுத்த. நான் கேக்குறது நேத்து ரிகர்சல்ல.

— ஒன்னும் சொல்லல. தலய ஆட்டிட்டு அடுத்த பாட்டுக்குப் போயிட்டாரு. இவன் தேற மாட்டான்னு கை வுட்டுட்டாரு போல.

— திட்டுன மனுஷன் திட்டாம போனா அதுக்கு இதுதான் அர்த்தமா? ஒன் புத்திக்கு இன்னா சொல்றது!

— பயமா கீதுடி. அத்தன பேர் முன்னாடி நான் வாய மட்டும் அசைக்கிறவன் மாரி ஒக்காந்துக்கினு இருக்கணும். எல்லாத்துக்கும் ஒன்னயும் சொல்லணும். ஒன் மேல இருந்த கோவத்துல அந்த மோட்டார மீறி அடிச்சி அடிச்சி, என் நகத்தப் பாரு, பாதி தேஞ்சி போச்சி.

— காட்டு. ஆமா, தேஞ்சிதான் கீது.

— சிரிக்காத. நான் அனுப்பப் போறேன்.

— அனுப்பு. நான் ஒன்னும் கையப் புடிக்கல.

— இரு. இன்னிக்கு தேதி இன்னா?

— ஏன்?

— அடுத்த வாரம் கரும்புக்கு கட்டிங் ஆர்டர். வெட்டப் போற கரும்புக்கு எவனாவது தண்ணி வுடுவானா? சாறெல்லாம் தண்ணியா பூடும், மில்லுல மூஞ்சியில அடிப்பான். விவசாயி பொண்ணு, இது கூடவா தெரியாது ஒனக்கு?

— நம்ம கரும்புக்கு ஒரு சொட்டு போவல. மொத நாளே மடைய அடச்சிட்டேன். எல்லாம் பக்கத்து வீரமணி அண்ணன் நெலத்துக்குப் போவுது. அவரு போதும்மா, நாத்து அழுவிடும்மான்னு தெனம் கத்துறாரு.

— அப்ப எதுக்குடி மோட்டாரு?

— நாப்பது வயலினுக்கு நான் எங்க போவேன்? இந்தக் கழுததான் கெடச்சிது. சுவிட்ச தட்டிட்டு அண்ணன் வேலி வரைக்கும் போயி நிப்பேன்.

— அம்மாந்தூரமா? வேலி வரைக்குமா?

— ஹால்ல கடசி வரிசை அம்மாந்தூரம் இருக்கும்னு நீதானே சொன்ன. மொத நாளு ஒன் கிட்டாரு சத்தம் ஒன்னுமே கேக்கல மாமா. வரப்புலயே ஒக்காந்து அழுதுட்டேன். ஒரு வாரம் அப்படித்தான். அப்பறம் அங்கொன்னு இங்கொன்னா வந்துது.

— நேத்து?

— நேத்து, மோட்டாரு நின்னுபோச்சோன்னு திரும்பிப் பாத்தேன்.