யாரும் அழாத லாரி

பிரேம்நாத்: மூஞ்சியக் கீழ போடுங்கக்கா... கேமரா நேரா நம்மளத்தான் பாக்குது.

மாதுமை: பாக்கட்டுமே. படத்துல மூஞ்சி தெரியணும்னுதானே எல்லாரும் வாராங்க?

பிரேம்நாத்: புதுசா நீங்க? மூஞ்சி பதிஞ்சா இன்னிக்கோட சரிலா. 'இந்தாள ஏற்கெனவே காட்டியாச்சு'ன்னு நாளைக்குக் கூப்பிட மாட்டாங்க. எக்ஸ்ட்ராவுக்கு முதுகுதான் சோறு போடும். எட்டு வருசமா என் முதுகுதான் நடிக்குது.

மாதுமை: முதுகுக்கு ரசிகருங்க இருக்காங்களா?

பிரேம்நாத்: எங்கம்மா ஒரு ஆளு. ஈப்போ தியேட்டர்ல எந்திரிச்சு நின்னு, 'அந்தா, என் மவன்'னு கைய நீட்டிக் காட்டுச்சு.

மாதுமை: அட! நல்லதுதானே...

பிரேம்நாத்: அது வேற எவனோட முதுகோ.

மாதுமை: அய்யோ! சரி... என்ன அக்கான்னு கூப்புடாதீங்க. உங்க வயசுதான் எனக்கும்.

பிரேம்நாத்: சரிம்மா. படத்துல நீ என் பொண்டாட்டி. எஸ்டேட்ட மூடிட்டாங்க, சாமான லாரியில ஏத்திக்கிட்டுப் போறோம். அவ்வளவுதான் நமக்குக் கதை.

தீபன்: லாரி மேல உள்ளவங்க கவனிங்க! போன டேக்ல ஒருத்தர் கூட அழல. எஸ்டேட்ட விட்டுப் போறீங்க, பிக்னிக் இல்ல! அழுக வராதவங்க கிளிசரின் கேட்டு வாங்கிக்குங்க!

பிரேம்நாத்: மைக்கு கையில கெடச்சா அசிஸ்டண்டும் டைரக்டர்தான். பாரு இந்தத் தீபன... ஆனா யாரும் அழல.

மாதுமை: அதத்தானே அவரும் சொல்றாரு?

பிரேம்நாத்: இந்த டேக்க சொல்லலம்மா. நெசமா போனப்ப... தொண்ணூத்தொம்போதுல. யாரும் அழல.

மாதுமை: உங்களுக்கு எப்படி...

பிரேம்நாத்: அந்தா, கூரை போன லயம் தெரியுதா? மூணாவது வாசல். எங்க வீடு.

மாதுமை: ஓ...

பிரேம்நாத்: இந்த லாரியில ஏத்தி வச்சிருக்கறதப் பாரு, செம்புப் பானையாம், கோணி மூட்டையாம்! வெள்ளக்காரன் காலம் மாதிரி. நாங்க மொதல்ல ஏத்துனது டிவிய. அப்புறம் ஐஸ் பெட்டி. அப்புறம் மாரியம்மன் கோயில் மைக்செட்டு. பத்துமலை மாமா மெத்தைக்கு மேல சட்டமா உக்காந்துகிட்டு வந்தாரு. பசங்க எங்களுக்குக் கேக்கவே வேணாம். புது வீட்டுக்குள்ளயே கக்கூஸ் இருக்குன்னு ஒரே சந்தோசம்.

மாதுமை: இந்த இடம் ஞாபகத்துக்கு வருமா?

பிரேம்நாத்: வராம? சாயந்தரம் ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால பந்து விளையாடுவோம். ஒட்டுப்பால் நாத்தம் கொடலப் பெரட்டும். இப்ப எங்கயாச்சும் அந்த வாசம் வந்தா பைக்க நிப்பாட்டிட்டு நிக்கிறேன்... என்னத்தச் சொல்ல.

மாதுமை: இதையெல்லாம் டைரக்டர்கிட்ட சொல்லலாமே?

பிரேம்நாத்: எக்ஸ்ட்ரா வாயத் தொறந்தா அடுத்த வேன்ல சுங்காய் டவுனுக்கே திருப்பி அனுப்பிருவாங்க.

மாதுமை: பின்ன எதுக்கு எட்டு வருசமா இந்த வேல?

பிரேம்நாத்: படிக்கிறேன்லா. எந்த லென்சு, கேமராவ எங்க வக்கிறாங்க, எதுக்கு ரெண்டாவது டேக்கு... வேற எங்க சும்மா சொல்லித் தருவாங்க? நானும் ஒரு படம் எடுக்கணும். எழுதி வச்சிருக்கேன்.

மாதுமை: என்ன கதை?

பிரேம்நாத்: இதுதான்.

மாதுமை: எது?

பிரேம்நாத்: இந்த லாரி. இந்த நாளு. பதினோரு வருசமாத் தூக்கிக்கிட்டு அலையுறேன். ஒரு புரடியூசர் 'இதுல ஹீரோ எங்கலா?'ன்னு கேட்டான். இப்ப எவனோ எழுதி, ஷூட்டிங்கும் நடக்குது. இனிமே இன்னொரு லாரி படத்துக்கு யாரு காசு போடுவா? என் கதையில நானே எக்ஸ்ட்ரா.

மாதுமை: அப்ப ஏன் வந்தீங்க?

பிரேம்நாத்: இப்ப இது எண்ணெய் எடுக்குற செம்பனைத் தோட்டம். கேட்ல பூட்டு. வேற எப்படி உள்ள விடுவாங்க?... எழுதுனவன் ஒண்ணும் மோசமா எழுதல. ஆனா வெளிய நின்னு பாத்தவன். லாரியில உக்காந்து போனவனா இருந்தா இந்த அழுவாச்சிய எழுத மாட்டான்.

மாதுமை: ஓம்... வெளிய நின்னுதான்.

பிரேம்நாத்: என்ன சொன்ன?

மாதுமை: ஒண்ணும் இல்ல.

பிரேம்நாத்: 'ஆமா'வுக்கு 'ஓம்'னு சொன்ன. இந்த எஸ்டேட்ல ஒரே வீட்டுலதான் அப்படிப் பேசுவாங்க. சிலோன்காரவங்க... ஆபீஸ்ல கணக்கு எழுதுன கிராணி பஞ்சலிங்கம் வீட்டுல.

மாதுமை: எங்கட அப்பா.

பிரேம்நாத்: கிராணி மவளா! நீ இங்க என்ன...

மாதுமை: நான்தான் இந்தக் கதைய எழுதினது. எக்ஸ்ட்ரா லிஸ்ட்ல ஒருத்தர் பொறந்த எடம்னு இந்த எஸ்டேட்டப் போட்டிருந்தாரு. அதான் சேலையக் கட்டிக்கிட்டு வந்து ஏறுனேன்.

பிரேம்நாத்: மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே?

மாதுமை: சொல்லியிருந்தா பேசியிருப்பீங்களா? லயத்துல நோட்டீஸ் ஒட்டுனது எங்கட அப்பா. லாரிங்க கெளம்புன அன்னிக்கு ஜன்னல் எல்லாத்தையும் சாத்தச் சொன்னாரு. நான் ஒரு பக்கம் மட்டும் தொறந்து பாத்தேன். கடைசி லாரியில ஒரு பையன்... வளைவு வரைக்கும் எனக்குக் கை காட்டிக்கிட்டே போனான். நான் திருப்பிக் காட்டல. அவன் அழுதிருப்பான்னு நெனச்சு நெனச்சுத்தான்...

பிரேம்நாத்: மஞ்ச சட்ட.

மாதுமை: நீங்களா?

தீபன்: லாரி இஞ்சின் ஸ்டார்ட் பண்ணுங்க! எல்லாரும் அமைதி!

மாதுமை: சீக்கிரம் சொல்லுங்க. யாருமே அழலன்னா இப்பவே எறங்கிப் போய் நிறுத்துறேன். நீங்க சொன்ன மாதிரி மாத்தி எழுதலாம், கதையில உங்க பேரையும் போடலாம். நெசமா... அந்த லாரியில யாரும் அழலயா?

பிரேம்நாத்: நிறுத்தாத... நான் சிரிச்சுக்கிட்டுத்தான் கை காட்டுனேன். பக்கத்துல எங்கப்பா வாயில துண்ட வச்சுக்கிட்டு அழுதுகிட்டு வந்தாரு. அவரப் பாக்கக் கூடாதுன்னுதான் ஒனக்குக் கை காட்டிக்கிட்டே இருந்தேன். பதினோரு வருசமா எழுதுறேன்... அவர மட்டும் இன்னும் லாரியில ஏத்தவே இல்லம்மா.