மின்கட்டணத்தைச் சமன்செய்து தந்த மரியரஞ்சனி அக்காவுக்கு

ஒஸ்லோவில் எங்கள் மின்விற்பனை நிறுவனத்தின் தொலைபேசிப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் அமர்ந்து, அழைத்தவர் அனைவருக்கும் அன்பு மாறாமல் பதில் அளித்து, இன்று பணி ஓய்வு பெறும் பண்பின் பெட்டகமே, பொறுமையின் பேருருவே, எங்கள் மூத்த சகோதரியே, திருமதி மரியரஞ்சனி எலியாஸ் அவர்களே!

வணக்கம். இப்பிரிவில் தமிழ் பேசும் ஷரோன், நிலூஜா, யூலியன் ஆகிய நாங்கள் மூவரும் இம்மடலை உங்கள் கையில் தருகிறோம். எழுதியவன் யூலியன். இந்த நாட்டிலேயே பிறந்தவன் என்பதால் தமிழில் பிழை வரலாம்; திருத்த இன்று நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள். நாளை முதல் இருக்கமாட்டீர்கள். எலியாஸ் அண்ணை காலமாகி, மகளும் தொலைவிலுள்ள துரொண்ட்ஹெய்முக்குப் போய்விட்ட அந்த வீட்டில் இனிப் பகல் முழுவதும் தனியே இருக்கப் போகிறீர்கள் என்பதை நினைக்காமல் இதை எழுத எங்களால் முடியவில்லை.

குளிர்காலத்துக் கலக்கம் தீர்த்தவரே!

தையில் தலைக்கு மேல் ஏறி ஆடியில் அடங்கிக் கிடக்கும் கறண்ட் பில்லுக்கு அஞ்சி, ஒரே அறைக்குள் ஒடுங்கிக் கிடந்த எத்தனை குடும்பங்களுக்கு, ஆண்டுச் செலவைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதந்தோறும் ஒரே தொகையாய்க் கட்டும் வழியைக் காட்டினீர்கள்! நிறுவனம் வைத்த நோர்வேஜியப் பெயர் எங்கள் ஆட்களின் வாயில் நுழையாததால், அதற்குச் 'சமன்காசு' என்று நீங்களே பெயரும் வைத்தீர்கள்.

திராமன் நகரில் தனியாக வாழும் லூர்து ஐயா அதைச் சீட்டு என்று விளங்கிக்கொண்டார். கோடை முழுவதும் பாவித்ததை விடக் கூடக் கட்டியவர், புரட்டாதியில் அழைத்து, "பிள்ளை, எனக்கு எப்ப சீட்டு விழும்?" என்று கேட்டார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

"ஐயா, வெயில் காலத்திலை நீங்கள் போடுறதைக் குளிருக்கை நீங்கள்தான் எடுக்கிறீங்கள்," என்றீர்கள்.

"அப்ப இந்தச் சீட்டிலை வேறை ஒருத்தரும் இல்லையோ?"

"ஓம் ஐயா. நீங்கள் மட்டும்தான்."



மாறாத தொகையைப் பற்றி விசாரிக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் லூர்து ஐயா மாதம் தவறாமல் அழைத்தார். நீங்களும் புதிதாகப் பார்ப்பவர் போல அவரது கணக்கைத் திறந்து, அதே தொகையை வாசித்துவிட்டு, முழங்கால் நோவையும் பனியையும் பற்றிக் கதைத்தீர்கள். அழைப்பின் காரணம் என்ற இடத்தில் 'கட்டண விசாரணை' என்று எழுதினீர்கள். விரைவாகப் பேசி முடிப்பவர் பட்டியலில் எப்போதும் கடைசி இடம் உங்களுக்குத்தான். அதற்காக நாங்கள் உங்களைக் கேலி செய்திருக்கிறோம். மன்னியுங்கள்.

தனக்கென எதையும் கேளாதவரே!

சென்ற கிழமை ஒன்றைக் கேட்டீர்கள். இதுவரை பகலில் பூட்டிக் கிடந்த வீட்டில் இனி ஹீற்றர் ஓடும் என்பதால், உங்கள் சொந்தச் சமன்காசைத் திருத்தும்படி நிலூஜாவிடம் சொன்னீர்கள். பகலில் வீட்டில் இருப்போர் எத்தனை பேர் என்று படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. விடை தெரிந்திருந்தும் விதிப்படி அவர் கேட்க வேண்டியிருந்தது.

"ஒண்டெண்டு போடு பிள்ளை," என்றீர்கள். "சனி ஞாயிறும் ஒண்டுதான்."

மூவருக்கும் கேட்டது. மாதம் முந்நூறு குரோனர் கூடும் என்று நிலூஜா சொன்னார். அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் விட்டது எங்களை இன்றுவரை உறுத்துகிறது.

நோயற்ற உடலும் நிறைந்த ஆயுளும் பெற்று, செலவுக்குப் பயந்து ஹீற்றரைக் குறைக்காமல், நீங்கள் நெடுங்காலம் வாழ ஆண்டவரை மன்றாடுகிறோம். அடிக்கடி வருவோம் என்று எழுதத்தான் முதலில் நினைத்தோம். அப்படிச் சொல்லிவிட்டு வராமல் விட்டவர்களைப் பற்றி எத்தனையோ பேர் அந்தத் தொலைபேசியில் உங்களிடம் சொல்லி அழுதிருக்கிறார்கள். ஆகவே ஒரே ஒரு நாளை மட்டும் எழுதுகிறோம்.

வரும் ஞாயிறு, பூசை முடிந்து, இரண்டு மணிக்கு வருகிறோம். அன்று உங்கள் வீட்டில் நான்கு பேர்.

உங்கள் பக்கத்து மேசைக்காரர்,
ஷரோன், நிலூஜா, யூலியன்
ஒஸ்லோ