கிராணி விழும் விளையாட்டு

சிடாம் கிரி போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு வாத்தியார்கள். இளையவர், பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் பிள்ளைகளுக்குக் கணக்கு விளையாட்டு செய்தவர். கண்ணை மூடிக்கொண்டே பேசினார்.

"கணக்கத் தப்பா போட்டா ரப்பர் பால் வாளி கொட்டுற மாதிரி செஞ்சேன்ணே. ஒரு பிள்ளையும் தொடல."

"ஏன் தம்பி?"

"பால் கொட்டுனா, தோட்டத்துல பால் நிறுத்துக் கணக்கெழுதுற கிராணி, மரம் வெட்டுற அப்பாவ ஏசுவாராம். அப்ப என்னதான் விழணும்னு அதுங்களையே கேட்டேன். கிராணி விழட்டும் சார்னுச்சுங்க. மாத்திட்டேன்."

"இப்ப போடுதுங்களா?"

"போடுதுங்க. எல்லாம் வேணும்னே தப்பா."

பெரியவர் சிரித்தார்.

"சிரிக்காதீங்கண்ணே. கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்ததே கிராணிதான். நாளைக்குப் பார்க்க வர்றாரு. பிடிக்கலனா தூக்கிட்டுப் போயிடுவாரு."

"சரியா போட்டா விழற மாதிரி மாத்திடு லா. பிள்ளைங்களாவது படிக்கும்."

"படிக்கும்ணே. அப்புறம் அவரு எழுந்திரிக்கவே மாட்டாரு."