கீறல் விழுந்த குழாய்கள்

"பச்சைக் குழந்தையளுக்குச் சேலைன் ஏத்துற குழாயடி அது, பூக்கண்டுக்குத் தண்ணி விடுறதில்லை!"

நோர்வேயில், ஹொல்ம்லியா போகும் ரயிலில் எனக்கு எதிரே இருந்தவள், பக்கத்திலிருந்த இளையவளைப் பார்த்துக் கத்தினாள். மருத்துவக் குழாய் செய்யும் தொழிற்சாலையில் இருவரும் சோதிப்பவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

"நான் கீறலெண்டு ஒதுக்கினதை ஏன் திரும்பப் பெட்டிக்கை போட்டனி?"

"வேலை சுணங்கினா ஷெஃப் ஏசுவானக்கா. என்னை இன்னும் நிரந்தரமாக்கேல்லை."

"அதுக்கு?"

இளையவள் அழத் தொடங்கினாள். மூத்தவள் கைபேசியை எடுத்து, ஷெஃப் என்ற அந்த மேலாளரிடம் நோர்வேஜிய மொழியில் பேசினாள். "இன்றைய பெட்டிகளை அனுப்பாதே. கீறல் குழாய்கள் கலந்துவிட்டன. யார் கலந்தது என்று என்னிடம் கேட்காதே."

இளையவள் நன்றியோடு அவள் கையைப் பிடித்தாள்.

"விடு. இனி என்னோடை கதையாதை."

கையை உதறி எழுந்து, ரயிலின் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள்.