பம்பை நிறுத்தினப்போ

பெங்களூரு போகும் காலை ரயிலில், என் பக்கத்தில் ஆஞ்சியோ ரிப்போர்ட்டை மடியில் வைத்திருந்தவர் சொன்னார்: "நேத்து வரைக்கும் நல்லாதாண்ணா இருந்தேன். திடீர்னு மூணு அடைப்புன்றாரு டாக்டர்."

எதிரே இருந்த பெரியவர் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பம்ப் ஓட்டியவராம். சட்டையெல்லாம் பீடி நாற்றம்.

"மைன்ஸ மூடி பம்பை நிறுத்தினப்போ, தண்ணி ஒரே நாள்லயா ரொம்புச்சு? லெவல் லெவலா ஏறுச்சு. மேல இருந்த நமக்கு இன்னா தெரிஞ்சுது? ரத்தக்குழாயில கொழுப்பும் அப்படித்தான், வருஷக்கணக்கா படியும். சுகரு, பிரஷரு, சிகரெட்டு... எதை விட்ட நீ?"

"நீங்க மட்டும் பீடி?"

"சுரங்கத்துல உழைச்ச ஒடம்புடா இது!"

இறங்கினோம். ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதிப் படியிலேயே பெரியவர் கம்பியைப் பிடித்து நின்று, நெஞ்சைத் தடவினார். "வெறும் கேஸ் ட்ரபுள்டா."

ரிப்போர்ட்காரர் அவர் கையைப் பிடித்தார். "நானும் ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன், வாங்கண்ணா. தண்ணி எந்த லெவல்ல நிக்குதுன்னு பாத்துருவோம்."