கேமராவப் பாக்காதீங்கப்பா

மேட்டுப்பாளையத்திலிருந்து காந்திபுரம் போகும் பஸ்ஸில் தூங்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். காரமடை தாண்டியதும் முன் சீட்டுத் தாடிக்காரர் பேச ஆரம்பித்தார். அதோடு என் தூக்கம் போயிற்று.

“இப்பெல்லாம் ஒரே படந்தானுங்க்கா. நான் எடுத்ததையே தினமும் பாத்துட்டிருக்கறேன்.”

பக்கத்திலிருந்த பெண், அவரைவிடக் கொஞ்சம் மூத்தவர், சிரித்தார். “நல்ல டைரக்டரு போ! வேற படமே பாக்கறதில்லியா கண்ணு? புஸ்தகம்?”

“எடிட்டிங் பத்தி ஒண்ணு எடுத்தனுங்க. மொத அத்தியாயமே தாண்டலீங்க.”

“அடுத்த படம்?”

“அப்பாவப் பத்திங்க. அவரு தவறுனதுக்கப்பறம் வேற எதும் தோண மாட்டீங்குது.”

“உன்ற படத்துலயே நடிச்சிருக்காரல்லோ? அதுலருந்து எடுத்துக்கோ.”

“அவருக்கு நடிப்பே வராதுங்க்கா. ஒவ்வொரு டேக்குலயும் வசனத்தச் சொல்லிப்போட்டு, சரியான்னு கேமராவப் பாப்பாரு. பின்னால நாந்தான நிக்கறேன். பாக்காதீங்கப்பான்னு எல்லாரு முன்னாலயும் கத்துவேன்.”

“செரி, அந்த டேக்கெல்லாம் இருக்குமல்லோ?”

“ஹார்ட் டிஸ்க்குல எடம் பத்தலீன்னு அழிச்சுப்போட்டனுங்க. நல்லா வந்தத மட்டும் வெச்சுக்கிட்டேன்.”

பெரியநாயக்கன்பாளையத்தில் பஸ் நின்றது. இறங்குவதற்காகப் பையை எடுத்த அந்தப் பெண் எழவில்லை.

“இப்பப் படத்துல செவுத்தப் பாக்கறாரு, மாட்டப் பாக்கறாரு, ரோட்டப் பாக்கறாரு. ஒரு எடத்துலகூட என்னையப் பாக்கலீங்க்கா.”